ஊவா மலைத் தோட்டங்களில் இடர்க்கால உணவுதவி

உணவற்றார்க்கு உணவளித்தலைத் தலையாய அறமெனக் கொண்டது தமிழர் மரபு. மணிமேகலைக் காப்பியம் அவ்வறத்தை மையமாக வைத்தே நடக்கின்றது. மணிபல்லவத் தீவிற் கோமுகிப் பொய்கையினின்று பெற்ற அமுதசுரபி என்னும் பாத்திரத்தைக் கையிலேந்திய மணிமேகலை, புகார் நகரில் ஆற்றாமாக்களின் பசியைத் தீர்த்தாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள், மழை பொய்த்து வாடிய காஞ்சி மாநகர்க்குச் சென்று அங்குள்ளார்க்கும் அமுதளித்தாள். இக்கதையை அறியாத தமிழர் இலர் எனலாம்.

ஆயின், காப்பியத்துப் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. வரலாற்றில் அத்தகைய பாத்திரம் எங்கும் இருந்ததில்லை. பசித்தவனுக்கு வழங்கப்படும் ஒரு பிடி அரிசி எங்கிருந்தோ கொண்டுவரப்பட வேண்டும். யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்திருக்க வேண்டும். அதனைப் பெறுவோனின் பெயர் ஏதோ ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அரிசி எங்கிருந்து வருகின்றது, யார் கணக்கிற் சேர்கின்றது, எத்தனை நாளைக்கு வருகின்றது என்னும் இம்மூன்று வினாக்களுமே இடர்க்கால உணவுதவியின் வரலாறாகும். இவ்வினாக்கள் இலங்கையின் ஊவா மாகாணத்து மலைத் தோட்டங்களில், சிறப்பாகப் பண்டாரவளையைச் சூழ்ந்த பூனாகலை, கொஸ்லந்தை, அப்புத்தளைப் பகுதிகளில் எவ்வாறு எழுந்தன, எவ்வளவிற்கு விடை பெற்றன என்பதை ஆராய்வது பயனுடைத்து.

பஞ்சத்தின் வழிவந்த குடியேற்றம்

ஊவாத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் வரலாறே ஒரு பெரும் பசியோடு தொடர்புடையது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். பசி தாங்காது ஊரை விட்டு வெளியேறியோரிற் பலர் இராமநாதபுரக் கடற்கரையூடாக இலங்கைக்கு வந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். அதற்கு முன்னரே கோப்பிப் பறிப்புக் காலத்துக்கு வந்து மீளும் வழக்கம் இருந்ததெனினும், பஞ்ச ஆண்டுகளில் வந்தோர் தொகை பெரிதும் மிகுந்தது.

அப்பஞ்சக் காலத்தில் நிகழ்ந்த ஒரு வாதம் ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1877ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் சார்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பார், செலவைக் குறைக்கும் நோக்குடன், நிவாரண வேலை செய்யும் ஆடவனொருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிதளவு காசும் போதுமென விதித்தார். சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையாளராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். வேலை செய்யும் உடலுக்கு அவ்வளவு உணவு போதாது என்றும், அது மெல்லக் கொல்லும் அளவே என்றும் அவர் வாதிட்டார். பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணைக்குழுவின் அறிக்கையும் அதன்வழி எழுந்த பஞ்ச விதித்தொகுப்புக்களும், இடர்க்காலத்தில் உணவு வழங்குதல் அரசின் கடமையென ஒருவாறு ஏற்றுக்கொண்டன. எவ்வளவு உணவு ஓருயிரைக் காக்கும் என்ற வினா அரசியல் வினாவாக எழுந்த காலம் அது. அக்காலத்துப் பசிக்குத் தப்பி வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று ஊவா மலைகளில் வாழ்கின்றனர் என்பது நோக்கற்பாலது.

தோட்டத்து அரிசியும் தோட்டத்துக் கணக்கும்

1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோயாற் கோப்பி அழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. மலைநாட்டு இருப்புப்பாதை 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகள் அப்பாதையிற் கீழிறங்கின. அரிசி மூடைகள் அதே பாதையில் மேலேறின. மலைச்சரிவு முழுதும் தேயிலையே நடப்பட்டமையால், அங்கு வாழ்வோரின் உணவு முற்றிலும் வெளியிலிருந்து வரவேண்டியதாயிற்று. பர்மாவிலும் இந்தியாவிலும் விளைந்த அரிசி கொழும்புத் துறைமுகம் வழியாக வந்து, தோட்டத்துக் களஞ்சியத்திற் சேர்க்கப்பட்டு, தொழிலாளர்க்கு அளந்து கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. பெரட்டில் நின்று பெயர் பதிந்தவனுக்கே அன்றைய பேர். பேர் விழுந்தவனுக்கே சம்பளம். சம்பளக் கணக்கில் உள்ளவனுக்கே அரிசி. தோட்டத்து உணவு முறையின் அடிப்படை இதுவே.

1927ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச்சட்டம், குறித்த விலைக்கு மேற்படாது தொழிலாளர்க்கு அரிசி வழங்கவேண்டுமென விதித்தது. இதனால் விலையேற்றத்தின் கொடுமை ஓரளவு தணிந்தது. ஆயினும், தொழிலாளி தன் உணவுக்குத் தோட்ட நிருவாகத்தையே நம்பியிருக்கும் நிலை உறுதியாயிற்று. 1942இற் பர்மா யப்பானியர் வசமானபோது அரிசி வரவு தடைப்பட்டு நாடெங்கும் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசியின் இடத்திற் கோதுமை மா புகுந்தது. இன்று மலையக வீடுகளிற் காலையிலும் மாலையிலும் ரொட்டி சுடப்படுவதற்கு அப்பஞ்ச காலப் பழக்கமும் ஒரு காரணமாகும். இடர்க்காலத்து மாற்றுணவு நாளடைவில் நிலையான உணவாக மாறிவிடும் என்பதற்கு இது சான்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானிய விலை உயர்ந்து, இலங்கையிற் பங்கீட்டரிசி குறைக்கப்பட்டபோது, சொந்தக் காணியோ தோட்டமோ இல்லாத மக்கள் மிகவும் நலிந்தனர். கிராமத்தவன் மரவள்ளியேனும் நட்டுப் பிழைக்கலாம். லயத்தில் வாழ்வோனுக்கு அவ்வாய்ப்பும் குறைவு. 1974ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விட வெகுவாக உயர்ந்தது. புயலோ வெள்ளமோ வராமலே பசி வரலாம் என்பதை அவ்வாண்டு காட்டிற்று. பசியின் வேர் மழையில் மாத்திரம் இல்லை. நிலத்தில் உரிமையின்மையிலும் உள்ளது.

உலக அரங்கில் ஒரு மாற்றம்

இதற்கிடையில் உலகில் உணவுதவி புதிய வடிவம் பெற்றது. 1957ஆம் ஆண்டு திசம்பரில் இலங்கையைத் தாக்கிய பெருவெள்ளத்தில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். பிறநாட்டுக் கடற்படைகள் உதவிக்கு வந்தன. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலொன்றின் ஹெலிகொப்டர்கள் நீராற் சூழப்பட்ட ஊர்களில் மீட்புப் பணியில் ஈடுபட்டன. சாலை அறுந்தவிடத்து வானமே சாலையாகலாம் என்பதை இலங்கை மக்கள் அன்று பெரிய அளவிற் கண்டனர்.

1961ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் அவசரப் பணி 1962ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஈரான் நாட்டில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை ஒட்டியதாகும். அந்நிலநடுக்கத்தில் உயிர் தப்பியோர்க்கு 1,500 தொன் கோதுமையும், 270 தொன் சீனியும், 27 தொன் தேயிலையும் அனுப்பப்பட்டன. கோதுமையும் சீனியும் உடலைக் காப்பன. தேயிலை என் செய்யும் என்று வினவலாம். வீடிழந்து குளிரில் நடுங்குவோர்க்கு ஒரு கோப்பைச் சுடுநீர்ப் பானம் உணவினும் முந்தித் தேவைப்படும் ஆறுதலாகும் என்பதை அத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர் போலும். மலைத் தோட்டத்தில் எவர் வீட்டில் இழவு நேரினும் முதலில் அடுப்பேறுவது தேத்தண்ணிக் கேத்தலே என்பதை எண்ணின், இஃது எளிதில் விளங்கும்.

1997ஆம் ஆண்டிற் பல தொண்டு நிறுவனங்கள் கூடித் தொடங்கிய ஸ்பியர் திட்டம், இடர்க்கால உதவிக்குரிய குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது. அதன்படி திட்டமிடுதற்குரிய அளவு ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி உணவும், 15 லீற்றர் நீருமாகும். டெம்பிளின் ஓர் இறாத்தலிலிருந்து இவ்வளவுக்கு வர உலகுக்கு நூற்றிருபது ஆண்டுகள் சென்றன. உதவி பெறுவது பசித்தவனின் உரிமை என்ற கொள்கையையும் அத்திட்டம் வலியுறுத்திற்று. அளவினும் இக்கொள்கையே பெரிய மாற்றமெனலாம்.

மீரியபெத்தை: 2014 அக்டோபர் 29

ஊவா மாகாணத்தில் இவ்வளவுகளும் கொள்கைகளும் கடுஞ்சோதனைக்கு உள்ளான நாள் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாளாகும். பெரகலையிலிருந்து வெல்லவாயா நோக்கி இறங்கும் பெருஞ்சாலையில், தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் உள்ள சிற்றூர் கொஸ்லந்தை. அதற்கு மேலேயுள்ள மலைச்சரிவில், பூனாகலைக்குச் செல்லும் பகுதியில், மீரியபெத்தைத் தோட்டம் இருந்தது. ஊவாவின் பெருமழைக் காலம் அக்டோபரிற் தொடங்குவது. தீபாவளி கழிந்து ஒரு வாரமே சென்றிருந்தது. இடைவிடாது பெய்த மழையால் ஊறிய மலைச்சரிவு அன்று காலை ஏறத்தாழ ஏழரை மணியளவிற் பெயர்ந்து வீழ்ந்தது. லயங்களும், கோயிலும், அவற்றைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களும் சில நிமிடங்களில் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவருள் வீடு திரும்பியபோது வீட்டையும் பெற்றோரையும் காணாதாரும் இருந்தனர்.

மாண்டோர் எத்தனை பேர் என்பது பல நாள் தெளிவாகவில்லை. முதல் நாளில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை எனச் செய்திகள் பரவின. எவர் வேலைக்குச் சென்றார், எவர் நகருக்குச் சென்றார், எவர் வீட்டில் இருந்தார் என்பது ஒருங்கே தெரியாமையால் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிற்று. இறுதியில் மாண்டோரும் காணாமற்போனோரும் நாற்பதுக்கு உட்பட்டோர் எனக் கணிக்கப்பட்டது. மழையும் மூடுபனியும் மீட்புப் பணியைத் தடுத்தன. இராணுவத்தினர் பலநாள் மண்ணை அகழ்ந்தும் பலருடைய உடல்கள் கிடைக்கவில்லை.

இப்பேரிடர் எதிர்பாராதது அன்று. 1986ஆம் ஆண்டு சனவரியிற் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நிகழ்ந்த மண்சரிவுகளின் பின்னர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அம்மாவட்டங்களில் அபாய நிலங்களை வரைபடமாக்கும் பணியை மேற்கொண்டது. மீரியபெத்தைச் சரிவு குடியிருப்புக்கு ஏற்றதன்று என 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும் மக்கள் அங்கேயே இருந்தனர். அறியாமையே காரணமென்று கூறுதல் எளிது; உண்மை வேறு. அவர் வாழ்ந்த வீடு அவருடையதன்று, தோட்டத்தினுடையது. வேறிடத்தில் வீடமைக்க அவர்க்குக் காணி இல்லை. தோட்டத்தை விட்டு நீங்கின் வேலையும் நீங்கும். எச்சரிக்கை என்பது செல்வதற்கு இடமுள்ளவனுக்கே பயன்படும்.

பாடசாலையே புகலிடம்

உயிர் தப்பியோரும், அபாயமுள்ள அயல் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டோருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொஸ்லந்தை, பூனாகலை ஆகிய இடங்களிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளிற் தங்கவைக்கப்பட்டனர். தோட்டப்புறத்தில் ஆயிரம் பேர் ஒருங்கே தங்கத்தக்க கட்டடம் பாடசாலையன்றி வேறில்லை. வகுப்பறையின் மேசை வாங்குகள் ஒதுக்கப்பட்டன, பாய்கள் விரிக்கப்பட்டன, முற்றத்தில் அடுப்புக்கள் மூட்டப்பட்டன.

இடர் நேர்ந்தவுடன் சமைத்த உணவு, சில நாள் கழித்து உலர் உணவு என்பது இலங்கையில் வழங்கும் நிவாரண முறையாகும். அதற்கு நியாயம் உண்டு. அடுப்பும் பாத்திரமும் விறகும் இழந்தவனிடம் அரிசி மூடையைக் கொடுத்தலாற் பயனில்லை. ஆதலின் முதல் நாட்களிற் சோற்றுப் பொதியே வேண்டும். ஆயின் பெருந்தொகையானோர்க்கு நாள்தோறும் மூன்று வேளை பொதி கட்டி வழங்குதல் நெடுநாள் இயலாது. கைக்குழந்தைக்கும் முதியோர்க்கும் நோயாளர்க்கும் அஃது ஒவ்வாது. கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. ஆதலின் அரிசி, கோதுமை மா, பருப்பு, கருவாடு, சீனி, தேயிலை, உப்பு, எண்ணெய் முதலியவற்றைக் குடும்பத்தின் ஆட்தொகைக்கேற்பப் பகிர்ந்தளிப்பர். பிரதேச செயலாளரின் பணிப்பில் கிராம உத்தியோகத்தர் பெயர்ப்பட்டியல் தயாரிப்பார். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இப்பணிகளை ஒருங்கிணைக்க ஒரு நிலையத்தை அமைத்தது.

மீரியபெத்தை மக்களுக்கு முதல் நாட்களில் உணவுக்குக் குறைவில்லை என்றே சொல்லலாம். அயலூர்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பொருள்கள் வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் மாணவரும் பொதுமக்களும் சேகரித்தனுப்பிய பொதிகள் மலையேறின. சில ஆண்டுகளுக்கு முன்னர் தாமே போரால் முகாம்களில் இருந்தோர், மலையக மக்களுக்காக அரிசி சேர்த்தனர் என்பது வரலாற்றிற் பொறிக்கத்தக்க செய்தியாகும். சமயமும் இனமும் மொழியும் அச்சில நாட்களுக்கேனும் பின்னொதுங்கி நின்றன.

எனினும், பெருகிவந்த உதவியிலும் இடர்ப்பாடுகள் உண்டு. ஒரே வகைப் பொருள் மிகுதியாக வரும். வேண்டிய பொருள் வாராது. அரிசி நிறைய வந்தவிடத்துக் குழந்தைக்குரிய பால்மா குறையலாம். பிஸ்கற்றுப் பெட்டிகள் குவிந்தவிடத்து விறகு கிடையாது போகலாம். தெருவோரத்து முகாமுக்கு வரும் வண்டி, மலையுச்சி லயத்திற்கு ஏறுவதில்லை. ஒரே லயக்காம்பராவில் மகனும் மருமகளும் பெற்றோரும் எனப் பல குடும்பங்கள் வாழ்வது தோட்டப்புறத்தில் வழக்கம். பட்டியல் எழுதுவோர் அதனை ஒரு குடும்பமெனக் கொள்ளின் உணவுப் பொதி ஒன்றாகவே கிடைக்கும். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணுட் புதைந்தவன், தான் யாரென்பதை நிறுவவே நாள் செல்லும். எனவே, உணவுதவியின் செம்மை மூடைகளின் தொகையில் இல்லை. பட்டியலின் செம்மையில் உள்ளது.

அடுப்பின் மதிப்பு

இடர் நேர்ந்த பத்தாம் நாளுக்குப் பின் உலகின் கவனம் குறையும். வண்டிகள் வருவது அருகும். பாடசாலையிற் பாடம் தொடங்க வேண்டும். பிள்ளைகளின் கல்வியை நெடுநாள் நிறுத்திவைத்தல் இயலாது. ஆதலால் மீரியபெத்தை மக்கள் பாடசாலைகளினின்று அகற்றப்பட்டு, மாகல்தெனியவில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். கொழுந்து வாட்டுதற்கும் அரைத்தற்கும் எழுப்பிய கூடத்திற் குடும்பங்கள் தடுப்புக்களிட்டு வாழ்ந்தன. சில மாதங்களில் முடியுமெனக் கருதப்பட்ட அவ்வாழ்க்கை ஏறத்தாழ இரண்டாண்டுகள் நீடித்தது. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே மாகல்தெனியவில் அமைக்கப்பட்ட 75 புதிய வீடுகள் அவர்க்குக் கையளிக்கப்பட்டன.

இவ்விரண்டாண்டுக் காலமே ஆராய்வார் கருத்தை ஈர்ப்பது. உணவு வழங்குதல் நாட்கணக்கில் நிறைவேறிற்று. வீடு வழங்குதல் ஆண்டுக்கணக்கிற் சென்றது. முன்னையதற்கு மனமும் வண்டியும் போதும். பின்னையதற்குக் காணி வேண்டும். காணிக்கு உரிமை வேண்டும். உரிமைக்குத் தோட்ட நிருவாகமும் அரசும் உடன்பட வேண்டும். 1992ஆம் ஆண்டு முதல் அரசுடைமைத் தோட்டங்களின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுடையது, நிருவாகம் கம்பனியுடையது, உழைப்பு மாத்திரம் தொழிலாளருடையது என்ற நிலை நிலவியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ்த் தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபை நிதியைச் செலவிடுதற்குத் தடை இருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே அது நீங்கியது. சாதாரண நாளிற் பாதை போடவும் வடிகால் வெட்டவும் இயலாதிருந்த ஓரிடத்தில், இடர் நாளில் மாத்திரம் எல்லாம் விரைந்து நடக்குமென எதிர்பார்த்தல் பொருந்தாது.

அன்றியும், பிறர் சமைத்த உணவை நெடுநாள் உண்டிருத்தல் மனிதனுக்கு இயல்பன்று. ஒரு குடும்பத்தின் அடுப்பு அதன் அகத்துரிமையின் அடையாளமாகும். தன் பிள்ளை எதை விரும்பி உண்ணும் என்பதைத் தாய் அறிவாள். பொது அடுப்பு அதனை அறியாது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்துக்கும் அனுப்பிவிட்டு மலைக்குச் சென்று கொழுந்து பறித்தவள், வரிசையில் நின்று தட்டேந்தும்போது பசி தீரலாம். இழந்த நிலை திரும்பாது. ஆதலின், கூடிய விரைவிற் தனியடுப்புக்கு வழி செய்தலே நல்ல உணவுதவியின் முடிவான நோக்கமாதல் வேண்டும். சமைத்த உணவிலிருந்து உலர் உணவுக்கும், உலர் உணவிலிருந்து கூலிக்கும், கூலியிலிருந்து சொந்த வீட்டு அடுப்புக்கும் செல்லும் படிகளில் எப்படியில் நின்றுவிடினும் உதவி குறையுடையதே.

மீண்டும் மீண்டும்

மீரியபெத்தை கற்பித்த பாடம் முற்றும் கற்கப்பட்டதெனக் கூறுதற்கில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் இரவு, பூனாகலையைச் சேர்ந்த கபரகலைத் தோட்டத்தில் மண்சரிவு நேர்ந்து லயங்கள் சிதைந்தன. உயிர்ச்சேதம் நேராவிடினும் சிலர் காயமுற்றனர். பல குடும்பங்கள் வீடிழந்தன. அவர்களுக்கும் முதற் புகலிடம் பூனாகலைப் பாடசாலையே. பின்னர் வாழ்விடமாகியதும் அதே மாகல்தெனியத் தொழிற்சாலைக் கட்டடமே. ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரு மக்கட்கூட்டத்தார் ஒரே வழியிற் பாடசாலைக்கும், பாடசாலையினின்று தொழிற்சாலைக்கும் சென்றனர் என்பது எண்ணற்பாலது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வாப் புயல், இவற்றையெல்லாம் சிறியனவாக்கியது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு பதுளை மாவட்டமும் பெருஞ்சேதமுற்றது. ஒரே வேளையிற் பல நூறிடங்களில் மலை சரிந்தமையாற் பெருஞ்சாலைகளும் இருப்புப்பாதையும் அறுந்தன. மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. மீரியபெத்தையில் ஓர் ஊர் புதைய நாடு முழுதும் உதவிக்கு வந்தது. டித்வாவின்போது நாடு முழுதுமே இடருள் அகப்பட்டது. இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களும், சாகர் பந்து என்னும் பெயரால் இந்தியா அனுப்பிய உதவியணியும், பிறநாட்டு அணிகளும் உணவு கொண்டு சென்றன. எனினும் வானூர்தி எல்லா லயத்துக்கும் செல்லவியலாது. வெளியுலகம் வந்து சேரும்வரை, அறுந்த சாலைக்கு அப்பாலுள்ள மக்களைக் காப்பது அயலவன் வீட்டு அரிசிப் பானையும் தோட்டத்துச் சிறு கடையின் கையிருப்புமே.

இதிலிருந்து ஓருண்மை புலனாகின்றது. மலைநாட்டு இடரின் இயல்பு, உணவு நாட்டில் இல்லாமற் போவதன்று. உணவுக்கும் பசித்தவனுக்கும் இடையிலுள்ள பாதை இல்லாமற் போவது. ஆகவே, இடருக்குப் பின் வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கிலும், இடருக்கு முன் மலையில் வைத்திருத்தல் சிறந்தது. அக்டோபர் மழைக்கு முன்னரே பாடசாலையிலோ, தோட்டக் களஞ்சியத்திலோ, கோயில் மண்டபத்திலோ சில நாளைக்குரிய அரிசியும் மாவும் பருப்பும், பெரிய பாத்திரங்களும், உலர்ந்த விறகும், குடிநீர்க் கொள்கலன்களும் சேமித்து வைத்தல் பெருஞ்செலவாகாது. தோட்டத்தில் வாழ்வோர் அனைவரின் பெயர்ப்பட்டியலும், குழந்தைகள், கருவுற்றோர், முதியோர், நோயாளர் என்ற வகுப்போடு, ஆண்டுதோறும் திருத்தப்பட்டு இரண்டிடங்களில் இருத்தல் வேண்டும். பழைய தோட்டங்களில் அரிசிக் களஞ்சியம் இருந்தது; ஆயின் அது கணக்கிற் கழிப்பதற்காக வைத்த அரிசி. இனி வேண்டுவது உயிரைக் காப்பதற்காக வைக்கும் அரிசி.

முடிவுரை

தாது வருடத்துப் பசிக்குத் தப்பி மலையேறியோரின் சந்ததியார், நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னரும் மலைச்சரிவில் உரிமையற்ற கூரையின்கீழ் மழைக்கு அஞ்சி உறங்குகின்றனர். இக்காலத்துள் உணவுதவியின் முறைகள் பெரிதும் வளர்ந்துள்ளன. ஓர் இறாத்தல் தானியம் 2,100 கலோரியாயிற்று; கருணை உரிமையாயிற்று; மாட்டுவண்டி ஹெலிகொப்டராயிற்று. இவ்வளர்ச்சி போற்றத்தக்கதே. மீரியபெத்தையிற் பசியால் எவரும் மாளாமைக்கு இவ்வளர்ச்சியும், அயலாரின் ஈரமும் காரணமாகும்.

ஆயினும், சோறு அளித்தல் எளிதாகிய அளவுக்கு நிலம் அளித்தல் எளிதாகவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்தும் பாடசாலை முற்றத்தில் அடுப்பு மூட்டி மகிழ்வுறும் சமுதாயம், அவ்வடுப்பு ஏன் மீண்டும் மீண்டும் அங்கே மூட்டப்படுகின்றது என்று வினவுதல் வேண்டும். மணிமேகலை சிறைப்பட்டார்க்கு உணவளித்ததோடு அமைந்தாளல்லள். அச்சிறையே அறக்கோட்டமாகும் வண்ணம் அரசனை வேண்டி மாற்றினாள். பசியைத் தீர்த்ததும், பசித்தவன் இருந்த இடத்தை மாற்றியதும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அவள் அறம் நிறைவுற்றது. ஊவா மலைகளில் முதற்பாதி நிறைவேறியுள்ளது. மறுபாதி எஞ்சி நிற்கின்றது.